இரண்டாம் மண்டலம் முடிந்த மறுநாள்

ஆலங்குளம் நிறுத்தத்தில் ஏறிய கூட்டத்தோடு ஆவுடையும் ஏறினாள். பரமகுரு அவளைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்தான் பார்த்தான். முதலில் பச்சைச் சேலை, அப்புறம் தோளில் ஒரு பெரிய பை, அப்புறம்தான் முகம். கட்டிக்கொண்ட மனைவியின் முகம்தான், ஆனாலும் ஒரு கணம் யாரோ என்றிருந்தது, ஏனென்றால் அவள் இங்கே இருக்க வேண்டியவள் இல்லை. போன் பண்ணுதேன் என்றுதானே காலையில் சொன்னாள். லேபில் முடிவைக் கேட்டுக்கிட்டு, டாக்டரம்மாவையும் பார்த்துட்டுப் போன் பண்ணுதேன், ஓட்டும்போது எடுக்காதீங்க, திருநெல்வேலி போய் வண்டியை நிறுத்தினதும் பேசுங்க என்று சொன்னவள், அவன் வண்டி வருகிற நேரம் பார்த்து நின்று ஏறியிருக்கிறாள். போனில் சொல்ல முடியாத சேதியா. நல்ல சேதியைப் போனில் சொல்லலாம். கெட்ட சேதியையும் சொல்லலாம்தான், ஜனங்கள் சாவையே போனில்தானே சொல்கிறார்கள். அப்படியென்றால் இது எந்தச் சேதி. பின்னாலிருந்து கண்டக்டர் மாசிலாமணி விசில் ஊதினான். கை தானாகக் கியரைப் போட்டது, கால் தானாகக் கிளட்சை விட்டது, உடம்புக்கு வேலை தெரிந்திருப்பது எவ்வளவு நல்லது. அவள் இடது பக்கம் நாலைந்து வரிசை தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவனைப் பார்த்தாளா. பார்த்தது போலவும் இருந்தது, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்தது போலவும் இருந்தது.

லேபுக்குப் போக அந்தப் பை எதற்கு. அது தீபாவளிக்கு அவள் அண்ணன் வீட்டுக்குப் போகும்போது எடுக்கிற பை, இரண்டு மூன்று சேலை தாராளமாகக் கொள்ளும். இப்போது புடைத்துக்கொண்டிருக்கிறது. அண்ணன் வேலாயுதம் பேட்டையில் இருக்கிறார், இந்த வண்டி பேட்டை வழியாகத்தான் போகும். போன தடவை பார்த்தபோது அவர் தங்கையிடம், உனக்கு எதுவும் ஒண்ணுன்னா யோசிக்காம இங்க வந்துரு, என்று சொன்னது அவன் காதிலும் விழுந்தது, விழட்டும் என்றுதான் சொன்னார். எதுவும் ஒண்ணு. மாசிலாமணி அவளிடம் நின்று சிரித்துக்கொண்டே என்னவோ சொல்கிறான், டிக்கெட் வேண்டாம் என்கிறானோ என்னவோ, அவள் தலையை ஆட்டிக் காசை நீட்டுகிறாள். எந்த ஊருக்கு வாங்கினாள் என்று கேட்கவில்லை. என்ஜின் சத்தத்தில் எப்படிக் கேட்கும். வாயசைவு, பேட்டை என்றால் உதடு ஒட்டிப் பிரியும். ஒட்டியதா. புது பஸ் ஸ்டாண்டு என்றாலும் முதல் எழுத்துக்கு உதடு ஒட்டத்தான் செய்யும். எதிரே ஒரு லாரி ஒலிப்பானை அழுத்திக்கொண்டே போனது. ரோட்டைப் பார், ரோட்டைப் பார், பின்னால் அறுபது உயிர் இருக்கிறது என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான்.

காற்றாலைகள் வந்தன. வெயிலில் அவை மெல்ல, யாருக்கும் அவசரமில்லை என்பது போலச் சுற்றின. இதே ரோட்டில்தான் அன்றைக்கும் ஓட்டினான், முதல் சோதனையின் முடிவு தெரிந்த மறுநாள். அதுவரைக்கும் எல்லாச் சோதனையும் ஆவுடைக்குத்தான். ஸ்கேன், ஊசி, வயிற்றுக்குள் மருந்தைச் செலுத்திக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்த சோதனை. அன்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, டீ வாங்கித் தாங்க என்று மட்டும் சொன்னாள். அவளிடம் குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் யாரோ அவனையும் பார்க்கச் சொன்னார்கள். லேபில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துக் கழிப்பறைக்கு அனுப்பினார்கள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, வெளியே ஒரு கிழவர் சர்க்கரைச் சோதனைக்குச் சிறுநீர் பிடிக்க வேண்டும் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் கவுண்ட்டரில் இருந்த பெண் தலை நிமிராமல், கவுண்ட் நில்லுன்னு வந்திருக்கு, டாக்டரைப் பாருங்க, என்றாள். நில். அவனுக்கு அது ஆங்கிலம் என்றே உறைக்கவில்லை. யாரோ கையைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னது போலத்தான் இருந்தது, நில், அதற்கு மேல் உனக்கு வழி இல்லை. உயிரணு குறைவு என்றில்லை, சோர்வு என்றில்லை, ஒன்றுமே இல்லை. ஆவுடைதான் அந்தப் பெண்ணிடம் மறுபடி கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, தள்ளி நடக்கவும் இல்லை.

சித்த மருத்துவம் அவன் யோசனை. பாவூர்ச்சத்திரத்தில் யாருக்கோ பலித்தது என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள். யாருக்கு என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை, கேட்டால் உனக்கு எதுக்கு என்பார்கள். தாடி வைத்த ஒரு பெரியவரை எதிர்பார்த்துப் போனான். டாக்டர் ஜெபக்கனி அவனைவிட வயது குறைந்த பெண். எதிரே உட்கார்ந்து நாடி பார்த்துக்கொண்டே, உறவு எப்படி, எத்தனை நாளைக்கு ஒருதரம், விறைப்பு இருக்கா என்று ரேஷன் கார்டில் எத்தனை பேர் என்று கேட்பது போலக் கேட்டாள், அவன் தரையைப் பார்த்துப் பதில் சொன்னான். அவள் ஏமாற்றவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "உயிரணு கொஞ்சமாவது இருந்து, குறைவாவோ சோர்வாவோ இருந்தா இந்த மருந்து தூக்கி விடும்னு சொல்லலாம். ஒண்ணுமே இல்லாததுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். நீங்க கேக்குறதாலதான் ரெண்டு மண்டலம், தொண்ணூத்தாறு நாள், பார்ப்போம்" என்றாள். அவன் காதில் பார்ப்போம் என்பது மட்டும் விழுந்தது. அமுக்கராச் சூரணம் பாலில், பூனைக்காலி விதைப் பொடி நெய்யில், அதோடு நெல்லிக்காய் அளவு லேகியம். லேகியம் நாக்கில் முதலில் இனித்து, தொண்டையில் கசந்து, நெஞ்சில் சூடாக இறங்கும். அது இறங்குகிற வழியெல்லாம் அவன் கூடவே போனான். இப்போது வயிற்றில், இப்போது ரத்தத்தில், இப்போது இன்னும் கீழே. ராத்திரி புரண்டு படுத்தால் உள்ளே ஏதோ முளைக்கிறது என்று தோன்றும், வாயு என்றும் தோன்றும். புளி கூடாது, பாகற்காய் கூடாது, அகத்தி கூடாது, சூடு கூடவே கூடாது. என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்குச் சூடு கூடாது. தேங்காய் நார் மெத்தை ஒன்று வாங்கிச் சீட்டில் போட்டான். மாசிலாமணி பார்த்துவிட்டு, அண்ணாச்சிக்கு மூலமா என்றான். அல்சர் என்றான் இவன், அப்படித்தான் வாயில் வந்தது. அல்சருக்கு எதுக்கு நார் மெத்தை என்று அவன் கேட்கவில்லை, நல்லவன், மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து மணத்தக்காளிக் கீரைக் கூட்டு கொண்டுவர ஆரம்பித்தான். அம்மாவிடமும் அதே அல்சர் என்றுதான் சொல்லியிருந்தான். அம்மா தினமும் பாலைக் காய்ச்சிச் சூரணத்தைக் கலக்கி, குடிய்யா, வயித்துப் புண்ணு ஆறிரும், என்று நீட்டினாள். அவன் குடித்தான். அடுக்களை வாசலில் நின்று ஆவுடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் பார்க்கிறாள். இல்லை, கண்ணை மூடியிருக்கிறாள். அழுகிறவள் கண்ணை மூடுவாளா, தூங்குகிறவள் மூடுவாள், வாந்தி வருகிறவளும் மூடுவாள். வாந்தி. அந்தச் சொல் உள்ளே வந்து விழுந்ததும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது, அவளுக்கே ஏதாவது, அதைச் சொல்லத்தான் ஏறினாளா. முட்டாளே, உன் முடிவே இன்னும் தெரியாது. ஆனால் மருந்து நடுவிலேயே வேலை செய்திருந்தால். ஒரு மாதம் முன்னாலேயே செய்திருந்தால். நாள் தள்ளியிருக்கிறது என்று அவள் சொல்லவில்லையே, சொல்லாமல் வைத்திருந்தால். சீதபற்பநல்லூருக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்துச் சந்திலிருந்து சடாரென்று ரோட்டில் ஏறியது. முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு சின்னப் பிள்ளை, சிவப்புத் தொப்பி, இரண்டு கையாலும் ஹாண்டில் பாரைப் பிடித்துத் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு. அவன் பிரேக்கில் ஏறி நின்றான். வண்டி முழுவதும் முன்னால் சரிந்தது, பூ மூட்டை ஒன்று உருண்டது, யாரோ அம்மா என்றார்கள். மோட்டார் சைக்கிள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. கண்ணாடியில் ஆவுடையின் ஒரு கை முன்சீட்டுக் கம்பியையும் ஒரு கை பையையும் பிடித்திருந்தது. கண் திறந்திருந்தது. இந்த முறை அவனைத்தான் பார்த்தாள், சந்தேகமில்லை. அந்தப் பார்வையில் எந்தச் சேதியும் இல்லை, பார்த்து ஓட்டுங்க என்பது மட்டும் இருந்தது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா என்று டாக்டரம்மா கேட்டிருந்தாள். வந்தது. எட்டாம் வகுப்பு, கோடை விடுமுறை. கன்னமும் கழுத்தும் ஒன்றாகி, விழுங்க முடியாமல் கிடந்தான். அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டாள், வேப்பிலை அரைத்துப் பூசினாள். கழுத்து வடிந்தது. அப்புறம் வீக்கம் கீழே இறங்கியது. இரண்டு பக்கமும், தொட முடியாத வலி, காய்ச்சல், காலை அகட்டிக்கொண்டு போர்வைக்குள் கிடந்தான், அம்மா கேட்டாள், எங்கய்யா வலிக்கி, வயித்துலயா. வயித்துல என்றான். அந்த வயதில் அம்மாவிடம் அதை எந்தப் பேரால் சொல்வது. அது தானாகவே வடிந்தது, அவனும் மறந்தே போனான். உயிரணு அற்றுப்போனது அதனால்தான் இருக்கும் என்றாள் டாக்டரம்மா. அன்றைக்குச் சொல்லியிருந்தால். சொன்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னாள், ஆறுதலுக்குச் சொன்னாளோ என்னவோ. இதை இப்போது அம்மாவிடம் சொன்னால் அவள் முதலில் அந்தச் சங்கிலியைத்தான் நினைப்பாள், பிறகு போர்வையை, பிறகு, நான் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று ராவும் பகலும் நினைப்பாள். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று அவன் ஆவுடையிடம் சொன்னான். அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே உண்மையும் இல்லை.

மருந்து முடியட்டும், அது வரைக்கும் யார்ட்டயும் சொல்ல வேண்டாம், முடிஞ்சப்புறமும் ஒண்ணுமில்லைன்னா நானே அம்மாகிட்ட சொல்லுதேன். இதுதான் அவன் கொடுத்த வாக்கு. ஆவுடை சரி என்றாள். சரி என்றதற்குப் பிறகுதான் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு வந்தது. எல்லாப் பெண்களும் வரிசையாக நின்று வளையல் அடுக்கினார்கள். ஆவுடையின் முறை வந்தது, சந்தனத்தைத் தொட்டுவிட்டாள். அம்மா பக்கத்தில் போய், சத்தமே இல்லாமல், கோபமும் இல்லாமல், அவள் கையிலிருந்து வளையல் தட்டை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். நீ இரு தாயி, அவ போடட்டும். பந்தலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பரமகுரு பார்த்தான். ஆவுடை அவனைத் தேடித் திரும்புவதற்குள் ஜக்கோடு குனிந்துகொண்டான். விரலில் ஒட்டிய சந்தனத்தை அவள் வெகுநேரம் துடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டு மண்டலம் முடிய இன்னும் நாள் இருந்தது, அந்த நாட்களில் அவன் மருந்தை ஒரு வேளை தவறாமல் தின்றான், பிள்ளைக்காக மட்டுமா, அம்மாவிடம் பேச வேண்டி வராமல் போக வேண்டுமே என்பதற்காகவும்தான். அந்தக் கசப்பு நெஞ்சில் இறங்கும்போதெல்லாம், கொஞ்சமாவது காட்டு, ஒன்றிரண்டாவது காட்டு, நான் வாயைத் திறக்க வேண்டாம் என்று மருந்திடம் கெஞ்சினான். அந்த இரண்டு மண்டலமும் நேற்றோடு முடிந்துவிட்டது, லேபில் மறுபடி டப்பாவும் கொடுத்தாயிற்று.

பேட்டை. ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான், தேவைக்கு மேல் குறைத்தான். மாசிலாமணி நிறுத்தத்தின் பெயரைக் கூவினான். கண்ணாடியில் ஆவுடை எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். சரி, அவ்வளவுதான். லேபில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை. அவன் கண் கண்ணாடியில் இருக்க, கை என்ன செய்கிறது என்று தெரியாமலே வண்டியை ஓரம் கட்டியது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். ஒரு சைக்கிள் டயர், ஒரு கருவாட்டுக் கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆவுடை படிக்கட்டுப் பக்கம் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற ஒருவர் இறங்குதியாம்மா இல்லையா என்றார். அவள் வழிவிட்டாள். அவர் இறங்கிப் போனார். விசில் ஊதியது. அவள் காலியாகிவிட்ட முன் சீட்டில், அவனுக்கு இடது கைப்பக்கம், உட்கார்ந்தாள். இப்போது கண்ணாடி வேண்டாம், தலையைத் திருப்பினால் போதும். அவன் திருப்பவில்லை. டவுன் வழியாகப் புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினான், லைசென்ஸ் எடுக்கப் போன அன்று ஓட்டியது போல.

வண்டி காலியானதும் என்ஜினை அணைத்தான். மாசிலாமணி டைம் கீப்பரைப் பார்க்கப் போனான். அவள் எழுந்து வரவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"முன்ன மாதிரியேதான் இருக்கு. ஒண்ணும் மாறலை."

அவன் தலையாட்டினான்.

"இனிமே மருந்து வேண்டாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வேற எங்கயும் போய் எதையாவது வாங்கித் திங்க வேண்டாம்னு உங்ககிட்ட கண்டிப்பா சொல்லச் சொன்னாங்க."

இவ்வளவு நாளும் பயந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். இடி எதுவும் விழவில்லை, வெளியே பேரிக்காய் விற்கிறவன் கூவிக்கொண்டிருந்தான். உள்ளே ஏதோ அணைந்தது, லேகியம் இறங்குகிற வழியெல்லாம் இரண்டு மண்டலமாக எரிந்துகொண்டிருந்த ஒன்று. அணைந்த இடத்தில் சூடு மட்டும் இருந்தது. பை எதற்கு என்று கேட்டான்.

அண்ணன் வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினாளாம். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போய், அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் துணி எடுத்து வைத்தாளாம். அத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்றைக்கும் ஒன்றும் நடக்காதது போல இருக்க முடியாது என்று தோன்றியதாம். பேட்டைக்குத்தான் டிக்கெட் வாங்கினாளாம்.

"இறங்கலையே" என்றான்.

"இறங்கத்தான் எந்திரிச்சேன்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க சொல்லாம நான் போனா, அதையும் என் தலையிலதான் வைப்பாங்க."

அவன் சட்டைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்தான். யோசித்தால் முடியாது என்று தெரிந்தது, அதனால் யோசிக்கும் முன்பே அழைத்துவிட்டான். அம்மா எடுத்து, என்னய்யா இந்நேரத்துல, சாப்ட்டியா, வயிறு எப்படி இருக்கு என்று கேட்டாள். அந்த வயிறு என்ற சொல்லில் ஒரு கணம் சிக்கி நின்றான். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம், இப்போதுகூட.

"வயித்துல ஒண்ணுமில்லம்மா. அந்த மருந்து வயித்துக்கு இல்ல. எங்களுக்குப் பிள்ளை இல்லாததுக்கு ஆவுடை காரணமில்ல, நான்தான். எனக்குப் பிள்ளை உண்டாகாதுன்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது மட்டும் கேட்டது. அம்மா முற்றத்தில் நிற்கிறாள் போல. பிறகு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, குரலை மிகவும் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏ குரு, இது அவளுக்குத் தெரியுமா?"

ஆவுடைக்கு அது கேட்டுவிட்டது. அவள் முகம் மாறியதா என்று பார்த்தான், மாறவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"முதல்லருந்தே தெரியும்மா. எனக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தா. வளைகாப்புலயும் மூடிக்கிட்டுத்தான் இருந்தா."

அப்புறம் அம்மா, பக்கத்துல இருக்காளா, குடு, என்றாள். ஆவுடை போனை வாங்கிக் காதில் வைத்து, பாதி திரும்பி உட்கார்ந்தாள். ம் என்றாள். மறுபடியும் ம். இல்ல அத்தை. ம். அவ்வளவுதான் அவனுக்குக் கேட்டது. கூட்டம் ஏற ஆரம்பித்திருந்தது. மாசிலாமணி மூன்று டீயோடு வந்தவன், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, டம்ளர்களை என்ஜின் மூடி மேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான்.

"என்ன சொல்லுதா?" அவள் போனைத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டான்.

"வீட்டுக்கு வந்துரு தாயின்னு சொன்னாங்க. அழுதாங்க."

"நீ?"

"நாலு நாள் கழிச்சு வாரேன்னு சொன்னேன்."

திரும்புகிற வழியில் அவள் அதே முன் சீட்டில் இருந்தாள். டவுனில் நெரிசல், ஒரு சப்பரம் குறுக்கே போயிற்று, வண்டி நின்று நின்று ஊர்ந்தது. ஒரு மருந்தும் இறங்காத, எதற்கும் காத்திருக்காத உடம்போடு அவன் ஓட்டினான், இது யாருடைய உடம்பு என்று சற்று வியப்பாகக்கூட இருந்தது. இனி என்ன என்பது முன்னால் நீண்டு கிடந்தது. வேறு மருத்துவமா, தத்து எடுப்பதா, இரண்டு பேர் மட்டுமா. பயம் போய்விட்டதா என்று உள்ளே தடவிப் பார்த்தான். போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

பேட்டையில் அவள் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை டூட்டி இல்லேல்லா. வாங்க. அண்ணன்கிட்டயும் நீங்கதான் சொல்லணும்."

"சொல்லுதேன்."

அவள் இறங்கி வண்டிக்கு முன்பக்கமாக வந்து, எதிர்ச்சாரிக்குப் போக ரோட்டோரம் நின்றாள். மாசிலாமணி விசில் ஊதினான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் ஊதினான். பின்னால் யாரோ, டிரைவர், எடுங்க, என்றார்கள். ஆட்டோக்களும் ஒரு தண்ணீர் லாரியும் போய் முடியட்டும் என்று அவள் காத்து நின்றாள், பிறகு இறங்கி நடந்தாள். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேருகிற வரைக்கும் பரமகுரு வண்டியை எடுக்கவில்லை.